வாசல் இல்லாத வீடு: ஓவியமும் உளவியலும் சேரும் இடம்

மலையாளத்தில் 'விஷமம்' என்றால் மனவருத்தம். தமிழில் விஷமம் என்றால் குறும்பு, அதுவும் கொஞ்சம் கெட்ட குறும்பு. இந்த ஒரு சொல்லால் ஒரு குழந்தையின் வாய் அடைத்துப்போனதை நான் பார்த்திருக்கிறேன்.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் தமிழ் மீடியம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. பிள்ளைகளிடம் பேச ஒரு கவுன்சிலர் வந்திருந்தார். மலையாளம் பேசுகிறவர், நல்ல மனசுக்காரர். சில நாட்களாகச் சரியாகச் சாப்பிடாமல், யாருடனும் சேராமல் இருந்த நான்காம் வகுப்புப் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, "மோனே, எந்தெங்கிலும் விஷமம் உண்டோ?" என்று கனிவாகக் கேட்டார். பையன் முகம் வெளுத்துவிட்டது. "நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்" என்று என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான். அடுத்து அவர் "பேடியாணோ?" என்றார். பயமா என்றுதான் கேட்டார். அவன் காதில் அது வசவாக விழுந்தது. அதற்கப்புறம் அன்றைக்கு அவன் யாரிடமும் பேசவில்லை.

அந்தப் பையனிடம் திரும்பி வருகிறேன். முதலில், இப்போது அவன் ஏன் நினைவுக்கு வந்தான் என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இந்த ஆண்டு உளவியலில் பட்டம் முடித்திருக்கிறாள். மூன்று வருஷம் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தவள். சின்ன வயதிலிருந்தே நன்றாக வரைவாள். எங்கள் அங்கன்வாடிச் சுவரில் இருக்கிற யானைகளும் பனைமரங்களும் அவள் கைவேலைதான். போன மாதம் வந்து, "டீச்சர், படம் வரையறதையும் சைக்காலஜியையும் சேர்த்து ஒரு வேலை இருக்காம். அது நெசமாவே ஒரு படிப்பா, இல்ல சும்மா ரெண்டு நாள் சர்டிபிகேட்டா?" என்று கேட்டாள். அவள் அம்மாவுக்கு வேறு கவலை. படம் வரைந்தால் சோறு கிடைக்குமா, மனநோய் ஆஸ்பத்திரியில் வேலை என்றால் நாளைக்குப் பெண் கேட்டு வருவார்களா என்பது அவர் கேள்வி. இருவருக்கும் பதில் சொல்வதற்காகப் படித்தேன், கேட்டேன், யோசித்தேன். அந்தப் பெண்ணைப் போல இந்த எல்லையோரத்தில் இன்னும் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

உலகத்தில் இதற்கு 'ஆர்ட் தெரபி' என்று பெயர். தமிழில் கலைச் சிகிச்சை என்கிறார்கள். பெயரை வைத்தவர் மருத்துவர் அல்லர், ஓவியர். ஏட்ரியன் ஹில் என்கிற ஆங்கிலேயர் காசநோய் வந்து சானடோரியத்தில் படுத்துக் கிடந்தபோது, படுக்கையிலேயே படம் வரைந்து நாட்களைத் தள்ளினார். அது தன்னைத் தேற்றியதைக் கண்டு மற்ற நோயாளிகளையும் வரையவைத்தார். 1942இல் அவர்தான் இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். அதே காலத்தில் அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க் என்பவர் உளப்பகுப்பாய்வோடு ஓவியத்தைச் சேர்த்தார். நோயாளி தானாக வரைகிற படம் அவருடைய அடிமனதின் பேச்சு, அதைப் பற்றி அவரே சொல்லிச் சொல்லித் தெளிய வேண்டும் என்பது நாம்பர்க்கின் வழி. ஈடித் கிராமர் வேறு மாதிரி யோசித்தார். வரைகிற செயலே குணப்படுத்தும், அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை என்றார். இந்த இரண்டு வழிகளுக்கும் இடையிலான இழுபறி இன்றுவரை தீரவில்லை. நம் பெண்ணும் என்றாவது ஒருநாள் எந்தப் பக்கம் சாய்கிறோம் என்று தனக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

கிராமரின் குரு யார் என்று தேடிப் போனபோது கிடைத்த கதை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற கலைப் பள்ளியில் படித்த ஓவியர். யூதர். நாஜிகள் அவரை 1942 டிசம்பரில் யூதர்களை அடைத்துவைத்த டெரெசின் முகாமுக்கு அனுப்பினார்கள். அங்கே அடைபட்டிருந்த குழந்தைகளுக்கு அவர் ஓவிய வகுப்பு நடத்தினார். தாள் கிடைக்காதபோது ஏற்கெனவே எழுதிய பழைய காகிதங்களின் பின்பக்கத்தில் வரையவைத்தார். ஒவ்வொரு படத்திலும் பிள்ளையின் பெயரை எழுதச் சொன்னார். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். அந்தப் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. சுமார் 4,500 படங்கள் இரண்டு பெட்டிகளில் மிஞ்சின. இப்போது அவை பிராகில் உள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முப்பது வருஷம் பிள்ளைகளோடு இருந்தவள் என்பதால் சொல்கிறேன், படத்தில் பெயர் எழுதவைத்த அந்தச் செயல் எனக்கு எந்தக் கோட்பாட்டையும் விடப் பெரிதாகத் தெரிகிறது.

பிரேசிலின் நீஸி ட சில்வெய்ராவையும் சொல்ல வேண்டும். மனநல மருத்துவரான அவர், நோயாளிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுக்க மாட்டேன் என்று மறுத்து, 1946இல் ரியோ டி ஜெனிரோ மருத்துவமனையில் ஓவியக்கூடம் திறந்தார். 1952இல் அங்கே வரையப்பட்டவற்றுக்காக ஓர் அருங்காட்சியகமே உருவானது. ஆக, இது நேற்று முளைத்த துறை இல்லை. பிரிட்டனில் கலைச் சிகிச்சையாளர்களின் சங்கம் 1964இலும், அமெரிக்காவில் 1969இலும் தொடங்கிவிட்டன.

சரி, இது எப்படி வேலை செய்கிறது?

ஒரு மேசையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும்போது, துயரப்படுகிறவர் மற்றவர் கண்ணைப் பார்த்தே பேச வேண்டியிருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும், பெரியவர்களுக்கும்கூட, அது பழக்கமில்லாத காரியம். நடுவில் ஒரு தாள் வந்தால் நிலைமை மாறுகிறது. இருவரும் தாளைப் பார்க்கிறார்கள். "நீ ஏன் அழுதாய்?" என்று கேட்க வேண்டியதில்லை, "இந்த மரத்தடியில யாரு நிக்கறா?" என்று கேட்டால் போதும். வலி உள்ளிருந்து வெளியே வந்து தாளில் உட்கார்ந்துகொள்கிறது. அதைக் கொஞ்சம் தள்ளிவைத்துப் பார்க்கலாம், மடித்து வைக்கலாம், கிழித்தும் போடலாம்.

எதைக் கொண்டு வரைவது என்பதிலும் விஷயம் இருக்கிறது. பென்சிலும் க்ரேயானும் கைக்கு அடங்கும். தண்ணீர் கலந்த வண்ணம் நாம் சொன்னபடி கேட்காது, ஓடும், கலக்கும். களிமண் இன்னும் ஆழமாகத் தொடும். 1978இல் சாண்ட்ரா கேகினும் விய்யா லூசெப்ரிங்க்கும் இதை ஒரு முறையாகவே வகுத்தார்கள். கை அசைவிலும் தொடு உணர்விலும் தொடங்கி, உணர்ச்சி, சிந்தனை என்று படிப்படியாக ஏறுகிற அமைப்பு அது. ஏற்கெனவே கொந்தளித்துக்கொண்டிருக்கிற பிள்ளையிடம் வாட்டர் கலரை நீட்டினால், தாளில் வண்ணம் ஓட ஓட அவன் இன்னும் கலங்கக்கூடும். அவனுக்குத் தடிமனான க்ரேயானும் எல்லைக்கோடு போட்ட தாளும் பாதுகாப்பு. உணர்ச்சியே வெளியே வராமல் இறுகிப்போனவருக்கு ஈரக் களிமண் உதவலாம். பொருளைத் தேர்ந்தெடுப்பதே பாதி வைத்தியம் என்று இந்தத் துறையில் இருப்பவர்கள் நினைப்பதற்குக் காரணம் இதுதான். ஓவியம் தெரிந்த நம் பெண்ணுக்கு இங்கே இயல்பாகவே ஒரு பலம் உண்டு. ஒவ்வொரு பொருளும் கையில் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவள் விரல்களுக்குத் தெரியும். உளவியல் மட்டும் படித்தவர் இதைப் புதிதாகக் கற்க வேண்டும்.

இப்போது அந்தப் பையன்.

மறுநாள் மதிய இடைவேளையில் அவனிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து, என்ன வேணுமோ வரை என்றேன். வீடு வரைந்தான். ஓடு வேய்ந்த கூரை, ஒரு சின்ன சன்னல், பக்கத்தில் ஒரு முளைக்குச்சி. வாசல் இல்லை. நானும் அங்கங்கே கொஞ்சம் படித்திருந்தேன். வீட்டுக்கு வாசல் வரையாத குழந்தை உலகத்தோடு உறவை அறுத்துக்கொண்டது என்று எங்கோ படித்தது மனசில் ஒட்டிக்கொண்டிருந்தது. பகீரென்றது. வீட்டில் அவனை அடைத்துவைக்கிறார்களோ, அடிக்கிறார்களோ என்று என்னென்னவோ நினைத்து, பக்கத்து வகுப்பு டீச்சரிடமும் சொல்லிவிட்டேன். அன்று சாயங்காலமே அவன் அப்பாவைக் கூப்பிட்டு விசாரிப்பதாக இருந்தோம். நல்லவேளையாக, பள்ளி விடும் நேரத்தில் அவனிடமே கேட்டேன்.

"ஏண்டா, வீட்டுக்கு வாசலே காணோமே?"

"அது பின்பக்கம் டீச்சர். ஆடு அங்கதான் கட்டுவோம்."

அவ்வளவுதான். முளைக்குச்சி ஆடு கட்டுவதற்கு. "ஆடு எங்கே?" என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். அப்புறம் சொன்னான். தென்னையில் கள் இறக்கப் போன அப்பா விழுந்து இடுப்பில் அடி. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அம்மா ஆட்டை விற்றுவிட்டார். அது அவன் வளர்த்த குட்டி. விற்றதற்காக அழுதால் அப்பா மனசு கஷ்டப்படும் என்று அம்மா சொல்லியிருந்ததால், அவன் வீட்டில் அழவே இல்லை. சொல்லி முடித்துவிட்டு என் மேசைமேல் தலைவைத்து அழுதான்.

நான் படித்த விளக்கம் முழுக்கத் தப்பு. படம் மட்டும் சரியாக வேலை செய்தது. வாசலுக்கு நான் கொடுத்த அர்த்தத்தோடு அவன் அப்பா முன்னால் போய் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். படத்தை வரைந்தவரே அதைப் பற்றிச் சொல்ல வேண்டும், நாம் கேட்டால் போதும். இந்தத் துறைக்குள் வருகிற யாருக்கும் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டும் இல்லை. படத்தைக் கொண்டு மனதை அளக்க முடியும் என்ற நம்பிக்கைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1921இல் ஹெர்மன் ரோர்ஷாக், பார்ப்பவருக்கு அதில் என்ன தெரிகிறது என்று கேட்டு மனதை அறிவதற்காக, மைக்கறை படிந்த பத்து அட்டைகளை வெளியிட்டார். 1926இல் ஃப்ளாரன்ஸ் குடெனஃப், பிள்ளைகள் வரைகிற மனித உருவத்தைக் கொண்டு அறிவு வளர்ச்சியை மதிப்பிடும் முறையைக் கொண்டுவந்தார். 1948இல் ஜான் பக், வீடு-மரம்-மனிதன் என்ற சோதனையை வகுத்தார். நான் அரைகுறையாகப் படித்திருந்த வாசல் விளக்கத்தின் வேர் இந்தக் கடைசிச் சோதனை. இப்படிப்பட்ட படங்களைக் கொண்டு குணத்தையோ நோயையோ நிர்ணயிப்பதற்கு ஆதாரம் மிகப் பலவீனம் என்று பிறகு வந்த ஆய்வுகள் பல காட்டின.

அவற்றில் ஒன்றை விரிவாகச் சொல்லத் தகும். 1967இல் லாரன் சாப்மன், ஜீன் சாப்மன் தம்பதி செய்த சோதனை. மனித உருவப் படங்களையும், வரைந்தவருக்கு உள்ள பிரச்சினை என்று ஒரு குறிப்பையும் சேர்த்துக் கல்லூரி மாணவர்களிடம் காட்டினார்கள். எந்தப் படத்தோடு எந்தக் குறிப்பு என்பதில் எந்தத் தொடர்பும் இல்லாதபடி அமைத்திருந்தார்கள். ஆனாலும் மாணவர்கள், சந்தேகப் புத்தி உள்ளவர்கள் கண்ணை வித்தியாசமாக வரைகிறார்கள் என்று 'கண்டுபிடித்தார்கள்'. இல்லாத ஒன்றைக் கண்ணால் கண்டதாகவே நம்பினார்கள். அனுபவமுள்ள மருத்துவ உளவியலாளர்களிடம் கேட்டபோது அவர்கள் சொன்ன அடையாளங்களும் ஏறக்குறைய இவையேதான். அதாவது கண்ணையும் சந்தேகத்தையும் சேர்த்துவைப்பது நம் மொழியும் நம் நினைப்பும். அதைப் படத்தில் ஏற்றிவிட்டு, படமே சொன்னதாக நினைத்துக்கொள்கிறோம்.

வயதும் தெரிந்திருக்க வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை வரைகிற மனிதனுக்குத் தலையிலிருந்தே கால் முளைக்கும், வயிறு இருக்காது. அது எல்லாக் குழந்தைகளும் கடக்கிற கட்டம். விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இலேயே இந்தப் படிகளை வயதுவாரியாக எழுதிவைத்தார். கிறுக்கலில் தொடங்கி, உருவத்துக்கு வந்து, ஏழெட்டு வயதில் தரைக்கோடு போட்டு அதன்மேல் எல்லாவற்றையும் நிற்கவைக்கிற வரை. இந்தப் படிகள் தெரியாதவர் நல்ல குழந்தையை நோயாளி ஆக்கிவிடுவார். வாட்ஸ்அப்பில் 'உங்கள் குழந்தை கறுப்பு நிறத்தைப் பயன்படுத்தினால்' என்று தொடங்கும் செய்திகளைப் பெற்றோர் எனக்கு அனுப்பிக் கேட்கும்போதெல்லாம், தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்றுதான் பதில் போடுகிறேன்.

இதன் பலனைப் பற்றியும் உள்ளதைச் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, கலைக்கும் உடல், மனநலத்துக்கும் உள்ள தொடர்பு குறித்து 900க்கு மேற்பட்ட வெளியீடுகளைத் தொகுத்துப் பார்த்து, நோய் தடுப்பிலிருந்து சிகிச்சை வரை கலைக்கு இடம் உண்டு என்றது. அமெரிக்காவில் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் குழுவினர் 2016இல் 39 பெரியவர்களை 45 நிமிடம் விருப்பப்படி வரையவும் பிசையவும் ஒட்டவும் விட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பு ஓவியம் பழகியவர், பழகாதவர் என்ற வேறுபாடு இல்லை. ஆனால் வரையாமல் சும்மா இருந்த இன்னொரு குழுவோடு அவர்கள் ஒப்பிடவில்லை. சின்ன ஆய்வு, அந்த அளவுக்குத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மறுபக்கம், பிரிட்டனில் ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ள 417 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2012இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை குழுவாகக் கலைச் சிகிச்சை, ஒரு பிரிவினருக்கு வேறு பொழுதுபோக்கு, மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது நோய்க்குறிகளிலும் அன்றாடச் செயல்பாட்டிலும் வித்தியாசம் தெரியவில்லை. பலர் வகுப்புக்குச் சரியாக வரவே இல்லை என்பதும் அதில் ஒரு காரணமாகப் பேசப்பட்டது. இதை நம் பெண்ணிடம் சொன்னபோது அவள் முகம் வாடியது. ஆனால் இது தெரிந்துதான் அவள் உள்ளே போக வேண்டும். மருந்து தேவைப்படுகிற நோய்க்கு மருந்துதான். அங்கே ஓவியம் கூட நடந்து வரலாம், மருந்தின் இடத்தில் உட்கார முடியாது.

நம் மண்ணில் இந்த அறிவு எந்த உருவிலும் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்வேன். ஆனால் பார்த்துச் சொல்ல வேண்டும். முதலில் ஒரு வெளி ஆய்வு, அதிலிருந்து நம் கோலத்துக்கு வருகிறேன். 2005இல் கரி, காஸர் என்ற இருவர் 84 கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். முதலில் தங்கள் பயத்தைப் பற்றி எழுதவைத்துப் பதற்றத்தை ஏற்றினார்கள். பிறகு சிலருக்கு வட்டத்துக்குள் அமைந்த மண்டல வடிவமும், சிலருக்குக் கட்டம்போட்ட வடிவமும், சிலருக்கு வெற்றுத் தாளும் கொடுத்து 20 நிமிடம் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வடிவம் இருந்த தாள்களில் தீட்டியவர்களுக்குப் பதற்றம் இறங்கியது. வெற்றுத் தாள்காரர்களுக்கு அப்படி இறங்கவில்லை. இதைப் படித்ததும் எனக்குப் புள்ளிக்கோலம்தான் நினைவுக்கு வந்தது. புள்ளி வைத்துவிட்டால் கைக்கு வழி கிடைத்துவிடுகிறது. கோடு புள்ளியைச் சுற்றித் திரும்பி, தொடங்கின இடத்துக்கே வந்து சேரும்வரை மனசு வேறெங்கும் போவதில்லை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் சக ஆய்வாளர்களும் 1970களிலேயே கோலத்தின் கணித இலக்கணத்தை ஆராய்ந்து எழுதினார்கள். அதன் மனநல இலக்கணத்தை ஆராய வேண்டியது நம் பெண்ணைப் போன்றவர்கள்தான்.

பாலக்காட்டுப் பகுதியின் தோல்பாவைக்கூத்து இன்னொன்று. பகவதி கோயில் கூத்துமாடங்களில், வெள்ளைத்திரைக்குப் பின்னால் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றிவைத்து, கம்பன் பாட்டைத் தமிழில் பாடி, மலையாளம் கலந்து விளக்கம் சொல்வார்கள். நம் இரண்டு மொழிகளும் ஒரே திரையில் நிழலாக நடமாடுவது அங்கேதான். பாவை பேசினால் அது ஆட்டுகிறவர் பேச்சு இல்லை, ராமன் பேச்சு, ராவணன் பேச்சு. உள்ளே இருப்பதைத் தன் வாயால் சொல்லக் கூசுகிற குழந்தையிடம் ஒரு பாவையைக் கொடுத்தால் அந்தப் பாவை சொல்லிவிடும். குழந்தைகளுக்கான சிகிச்சையில் பொம்மையைப் பயன்படுத்துவதன் சூட்சுமம் இதுவே.

அப்புறம் களமெழுத்து. அரிசிமாவு, மஞ்சள், உமிக்கரி, பச்சிலைப் பொடி, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பு என்று ஐந்து வண்ணங்களில் மணிக்கணக்காகத் தரையில் தெய்வ உருவம் எழுதி, சடங்கு முடிவில் அத்தனையையும் அழித்துவிடுவார்கள். இவற்றைச் சிகிச்சை என்று பெயர் மாற்றி விற்பது எனக்குச் சம்மதமில்லை. அவை வழிபாடு, அவற்றுக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வரைந்ததை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, எழுதி அழிப்பதற்கும் ஓர் அமைதி உண்டு என்பதை நம் ஊரில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

கேரளத்தில் வளரும் பிள்ளைக்கு ஓவியம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது கலோத்சவம். 1957இல் தொடங்கிய இந்தப் பள்ளிக் கலைவிழா எத்தனையோ கலைஞர்களைத் தந்திருக்கிறது. அங்கே மார்க் உண்டு, கிரேடு உண்டு. சிகிச்சை அறையில் அது கிடையாது. அழகாக வரைகிறாய் என்று பாராட்டினால்கூடத் தப்பு, அடுத்தமுறை அவன் நம்மை மகிழ்விக்க வரைவான். பரிசு வாங்கியே பழகிய நம் பெண்ணுக்கு இது கடினமான பாடமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன், சோறு.

இந்தியாவில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று தன்னைச் சொல்லிக்கொள்ள இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அது. மூன்று வருஷப் பட்டத்தோடு அந்தப் பதிவு கிடைக்காது. அதற்கு மேல் மன்றம் அங்கீகரித்த பயிற்சிப் படிப்பு வேண்டும். நீண்ட காலம் அது முதுகலைக்குப் பிறகு படிக்கிற எம்.ஃபில் ஆக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில் பட்டத்தையே நிறுத்தி, மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டிப்புக் கொடுத்தது. ஆகவே பழைய சீனியர்கள் சொல்லும் வழியை அப்படியே நம்பாமல், சேருகிற வருஷத்தில் எந்தப் படிப்புக்கு அங்கீகாரம் என்று மன்றத்தின் பட்டியலைப் பார்த்துச் சேர வேண்டும்.

இன்னொன்று, இந்த எல்லையோரத்துக்கு மிக முக்கியம். இங்கே எத்தனையோ பெண்கள் தபால்வழியில்தான் முதுகலை படிக்கிறார்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் உளவியலைத் தொலைநிலையிலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று மானியக் குழு சொல்லிவிட்டது. கல்யாணம் ஆனபின் வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இனி இதில் செல்லாது. அந்த அம்மாவிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். படிக்கவைக்கிறதென்றால் இப்போதே கல்லூரிக்கு அனுப்பிப் படிக்கவையுங்கள்.

கலைச் சிகிச்சையாளருக்குப் பிரிட்டனில் சட்டப்படி காக்கப்பட்ட பட்டப்பெயர் உண்டு, பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. இந்தியாவில் 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் தன் அட்டவணையில் கலை, நடன, அசைவுச் சிகிச்சையாளர்களையும் ஒரு வகையாகச் சேர்த்திருக்கிறது. கதவு திறந்திருக்கிறது, ஆனால் உள்ளே இன்னும் முழுசாக வீடு கட்டி முடியவில்லை. இரண்டு நாள் பட்டறை, ஒரு சான்றிதழ், உடனே பெயருக்குப் பின்னால் தெரபிஸ்ட் என்று போட்டுக்கொள்வது நடக்கிறது. அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு என் பதில், பட்டறைக்குப் போ, கற்றுக்கொள், ஆனால் அதை வைத்துக்கொண்டு யாருடைய காயத்தையும் தொடாதே என்பதுதான். முதலில் உளவியல் முதுகலை, மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி, அதோடு ஓவியத்தையும் விடாமல் வைத்திருப்பது. பாதை நீளம்தான், குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

இடையில் வயிற்றுப்பாட்டுக்கு இங்கேயே வேலைகள் உண்டு. பஞ்சாயத்தும், கேரளத்தின் பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயும் சேர்ந்து நடத்துகிற, அறிவுவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பட்ஸ் பள்ளிகள், முதியோர் பகல்வீடுகள், தீராத நோயாளிகளைப் பராமரிக்கிற பாலியேட்டிவ் பிரிவுகள், போதை மீட்பு மையங்கள், பள்ளிக் கவுன்சிலர் பணி. எல்லாவற்றிலும் கையில் வண்ணம் வைத்திருப்பவருக்கு இடம் இருக்கிறது. தேவையோ ஏராளம். 2015-16இல் கேரளம், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோவொரு மனநலப் பாதிப்பு இருந்தது. வெவ்வேறு நோய்களில் 70 முதல் 92 சதவீதம் வரை சிகிச்சையே பெறாமல் இருந்தார்கள்.

இந்தக் கணக்கில் மொழி வரவில்லை. பாலக்காட்டின் சித்தூர் தாலுகாவிலும் இடுக்கியின் தேவிகுளம், பீருமேட்டிலும் வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம் என்று வாழ்கிறவர்களுக்கு, வலியை எந்த மொழியில் சொல்வது என்பதே முதல் சிக்கல். தமிழில் சங்கடம் என்றால் தர்மசங்கடம், மலையாளத்தில் சங்கடம் என்றால் துக்கம். மருத்துவரிடம் பேத்தி மொழிபெயர்த்துச் சொல்ல, பாட்டியின் துக்கம் கூச்சமாக மாறிப்போகிறது. பேத்தி முன்னால் சொல்ல முடியாதவை வேறு இருக்கின்றன. தாளும் பென்சிலும் இரண்டு மொழிக்கும் பொது. வரைந்தபின் தமிழில் கேட்க ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு மொழியும் தெரிந்து, கையில் வண்ணமும் வைத்திருக்கிற பெண் இந்த ஊருக்கு எவ்வளவு தேவை என்று அவள் அம்மாவுக்கு விளக்க, பாட்டியின் கதையே போதுமானதாக இருந்தது.

போகும்முன் இரண்டு விஷயம் அவளிடம் கண்டிப்பாகச் சொன்னேன். சிகிச்சைக்கு வருகிறவர் வரைந்த படம் அவருடைய வாக்குமூலம் மாதிரி. ஸ்டேட்டஸில் போடக் கூடாது, கண்காட்சியில் வைக்கக் கூடாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இந்த ரகசியத்தை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. இரண்டாவது, ஒரு குழந்தை தனக்குப் பாலியல் கொடுமை நடந்ததாகச் சொன்னால் அது ரகசியமாக இருக்கக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தால் குற்றம். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்தால் உதவி கிடைக்கும். படத்தைப் பார்த்து நீயாக முடிவு கட்டாதே, பிள்ளை சொன்னால் ஒரு நிமிடமும் தாமதிக்காதே.

அவள் தலையாட்டினாள். பிறகு, "அந்தப் பையன் வரைஞ்ச வீடு இன்னும் இருக்கா டீச்சர்?" என்று கேட்டாள்.

இல்லை. அன்று அழுது முடித்தபின் அவன் அந்தத் தாளைத் திரும்ப வாங்கி, முளைக்குச்சிக்குப் பக்கத்தில் ஆட்டையும் வரைந்தான். கழுத்துக் கயிற்றை மட்டும் ரொம்ப நேரம் எடுத்து அழுத்தி அழுத்திப் போட்டான். வீட்டுக்குக் கொண்டு போகிறேன் என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

திங்கட்கிழமையிலிருந்து அவள் பக்கத்துப் பஞ்சாயத்தின் பட்ஸ் பள்ளிக்கு வாரம் இரண்டு நாள் போகப் போகிறாள். சம்பளம் இல்லை, மேல்படிப்பில் சேரும்வரை பழகிக்கொள்ளத்தான். கை பிடிப்பு இல்லாத பிள்ளைகளுக்கு ஏற்ற தடிமனான க்ரேயான் கொழிஞ்சாம்பாறையில் கிடைக்கவில்லையாம். கோயம்புத்தூர் போய் வாங்கி வர நாளைக் காலை பஸ்ஸுக்குக் கிளம்புகிறாள்.